படத்தில் இல்லாத கதை

திண்டிவனத்தில் விருத்தாசலம் என்பவரின் மண்டியில் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. விதைப் பருப்பை மிஷினில் போட்டால் முளை நசுங்கிவிடும்; கையால்தான் உடைத்தாக வேண்டும். நாள் முழுக்க உடைத்தால் கட்டைவிரல் தோல் உரியும், ஊர்வம்பும் தீர்ந்துபோகும். அதனால் டூரிங் டாக்கீஸில் படம் மாறும்போதெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் நயா பைசா போட்டு ஒருத்தியை அனுப்பிவைப்பார்கள். மறுநாள் அவள் வந்து கதையைச் சொல்ல வேண்டும். சொல்கிறவள் உடைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி பருப்பை அவள் முறத்தில் போடுவார்கள். அதற்குக் கதைப்பிடி என்று பேர்.

அந்த மார்கழியில் அம்சாவின் முறை வந்தது.

அம்சாவுக்குப் பத்தொன்பது வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் நூலகம் நிற்கவில்லை. அங்கே மூலை அலமாரியில் இருந்த மொழிபெயர்ப்பு நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து வந்தாள். வாயில் நுழையாத பெயர்கள் அவளுக்கு அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை பெயர்கள் மாதிரி ஆகிவிட்டிருந்தன. உச்சி வெயிலில் மண்டிக்கு நடக்கும்போது காலடியில் பனி நொறுங்குவதாக நினைத்துக்கொள்வாள். "கண்ணைத் தொறந்துகினே தூங்கற ஒரே பொண்ணு எம் பொண்ணுதான்" என்பாள் அவள் அம்மா. அந்த அம்மாதான் படத்துக்குத் துணைக்கு வந்து, மணலில் முந்தானையை விரித்து, முதல் பாட்டிலேயே தூங்கிப்போனாள்.

படம் அம்சாவுக்குப் பிடிக்கவில்லை. குடிகாரப் புருஷன் பெண்டாட்டியை அடித்துத் துரத்துகிறான். அவள் கைக்குழந்தையோடு மழையில் பாடுகிறாள். கடைசியில் திரும்பி வந்து அவன் காலில் விழுகிறாள். கொட்டகை முழுவதும் மூக்கைச் சிந்தியது. அம்சா அம்மாவை எழுப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தாள். புருஷன் பெண்டாட்டியின் தலைமயிரைப் பிடித்து வெளியே தள்ளும் இடம் வரைக்கும் சரியாகத்தான் சொன்னாள். அதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை. அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு மாவுமில்காரனின் மனைவி, உறைந்துபோன ஆற்றின் மேல் மகளை இழுத்துக்கொண்டு நடந்து, அக்கரை ஊரில் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைப்பாள். புருஷன் வந்து கூப்பிடும்போது காசு வாங்கிக்கொண்டு ஒரு ரொட்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். அம்சா உறைந்த ஆற்றைத் தென்பெண்ணை ஆக்கினாள், ரொட்டியை இட்லி ஆக்கினாள். மற்றதெல்லாம் அப்படியே வந்துவிட்டது.

"காசு வாங்கிக்கினா குடுத்தா?" என்றாள் லட்சுமியம்மாள். அந்த வரிசையில் மூத்தவள், வாய்க்காரி.

"ஆமாக்கா. எண்ணி வாங்கி முடிஞ்சிக்கினா."

"அப்படிப் போடு! தாலி கட்டினவனுக்கு சட்னியாவது ஊத்தினாளா இல்லியா?"

பெண்கள் சிரித்துச் சிரித்து தொலி பறக்கவிட்டார்கள். அன்றைக்கு முறம் தளும்பியது.

சிரிக்காதவள் கெங்கம்மாள் ஒருத்திதான். விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை செய்யும் சக்கரபாணிக்கு வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் தேவநாதன் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவள் திரும்பிப் போகாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே தீக்கட்டையால் சுட்ட தழும்பு; கேட்டால் அடுப்பு என்பாள். அண்ணி ராஜாமணியோடு அவளும் மண்டிக்கு வந்து உடைத்தாள்.

சாயங்காலம் குழாயடியில் கெங்கம்மாள் அம்சாவின் கையைப் பிடித்தாள்.

"அம்சா, நெசமாவே படத்துல அப்படித்தான் வருதா? திரும்பிப் போவவே இல்லியா அவ?"

புத்தகம் என்று சொன்னால் அந்தக் கை தளர்ந்துவிடும் என்று அம்சாவுக்குத் தோன்றியது.

"ஆமாக்கா. போவல."

"ஜனங்க பார்த்துக்கினு சும்மாவா இருந்தாங்க?"

"கை தட்னாங்க."

இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

தை பிறந்து, சக்கரபாணி பெண்டாட்டியை அழைக்க வந்தான். கெங்கம்மாள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. "நான் வர்ல. இங்கியே உடைச்சிப் பொழைச்சிக்கறேன்" என்று உள்ளிருந்தே சொன்னாள். தேவநாதன் கையை ஓங்கிக்கொண்டு போனபோது குறுக்கே வந்து நின்றவள் ராஜாமணி. எந்த ஊரில் எந்த அண்ணி நாத்தனாருக்காக அப்படி நின்றிருக்கிறாள்?

"சினிமாவுலயே காட்டறான்யா. ஊரே கை தட்டுதாம். நீ மட்டும் எந்தக் காலத்துல கீற? இருந்துட்டுப் போவட்டும், அது சோத்தை அதுவே சம்பாதிக்குது."

சினிமாவிலேயே காட்டுகிறான் என்றால் அதற்குமேல் பேச்சு ஏது? கொட்டகையில் ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது அது. உலகம் ஒத்துக்கொண்ட விஷயம். தேவநாதன் கையை இறக்கினான். சக்கரபாணி தனியாக பஸ் ஏறினான். அம்சாவின் காதுக்கும் இது வந்தது. தான் படித்த ஒரு புத்தகம், தாள்களை விட்டிறங்கித் தெருவில் நடந்து வந்து, ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டது! இனி மாற்றி மாற்றி என்னவெல்லாம் சொல்லலாம் என்று அன்று முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே உடைத்தாள்.

தைக் கிருத்திகைக்கு மண்டிப் பெண்கள் மாட்டுவண்டி கட்டி மயிலம் போனார்கள். அம்சாவுக்கு அன்று ஜுரம். சாமி பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கூட்டேரிப்பட்டில் அதே படம் புதிதாகப் போட்ட கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. இட்லி விற்று ஜெயித்தவளை ஒரு தரம் கண்ணாலும் பார்த்துவிடலாம் என்று ராஜாமணிதான் வண்டியை நிறுத்தச் சொன்னாளாம். கெங்கம்மாளை முன்னால் உட்காரவைத்தார்களாம்.

ஜுரம் விட்டு அம்சா மண்டிக்கு வந்தபோது யாரும் ஒதுங்கி இடம் விடவில்லை.

"வாம்மா, கதைக்காரி" என்றாள் லட்சுமியம்மாள். "எங்க காசுல படம் பார்த்துட்டு எவ கதையடி சொன்ன?"

"புஸ்தகத்துல படிச்சதுக்கா. நல்ல கதைன்னுதான்..."

"எந்த ஊரு புஸ்தகம்?"

"ரொம்ப தூரம். பனி கொட்டற ஊரு. ஆறே கல்லு மாதிரி ஆயிடும்."

"ஆறு கல்லாவுற ஊர்ல பொம்பளையும் கல்லாத்தான் இருப்பா. நம்ம ஊர்ல தண்ணிதானேடி ஓடுது?"

சிரிப்பு எழுந்தது, அன்றைய சிரிப்பு இல்லை. ராஜாமணி மட்டும் தலை நிமிராமல் உடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எம் புருஷங்கிட்ட நெஞ்சை நிமித்திக்கினு நின்னேன். இப்ப நடுத்தெருவுல நிறுத்திக் கேக்கறாரு, எங்கடி உன் சினிமான்னு. படத்துல அவ புருஷன் கால்ல விழுறத எல்லாருந்தான் பார்த்தோம். கெங்கம்மாளும் பார்த்தா. இனிமே நான் எந்த வாயால பேசறது? பெரிய பேஜாரு பண்ணிட்ட அம்சா."

"அது வெறும் படம் அண்ணி! எவனோ எழுதினது!"

"உன் புஸ்தகம் மட்டும்?"

அம்சாவிடம் பதில் இருந்தது. அந்த நாவலைப் பல பாஷைகளில் மாற்றியிருக்கிறார்கள், எத்தனையோ தேசத்துப் பெண்கள் படித்து அழுதிருக்கிறார்கள் என்று முன்னுரையில் போட்டிருந்தது. சொல்ல வாயெடுத்தாள். எல்லாரும் மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெங்கக்கா எங்க?"

"விழுப்புரத்துல விட்டுட்டு வர எம் புருஷன் காலை பஸ்ஸுக்குக் கூட்டிக்கினு போறாரு. ஜல்தியா போனா பார்ப்ப" என்றாள் ராஜாமணி.

அம்சா ஓடினாள். விழுப்புரம் பஸ் புறப்பட நின்றது. கெங்கம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தேவநாதன் எதிரே வெற்றிலைக் கடையில் நின்றான். கெங்கம்மாளைத் தலை வாரிப் பூ வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். இடது கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. அது அண்ணன் அடித்தது.

"அக்கா, நான் பொய் சொல்லணும்னு சொல்லல. அந்தக் கதை அவ்ளோ நல்லா இருந்துச்சி..."

"நல்லாத்தான் இருந்திச்சி" என்றாள் கெங்கம்மாள். கோபமில்லாமல் சொன்னதுதான் அம்சாவைக் கொன்றது. "ஒண்ணு கேக்கறேன். உன் புஸ்தகத்துல, அந்தப் பொம்பளைக்கு அண்ணன் தம்பி யாராவது இருந்தாங்களா?"

அம்சா பக்கம் பக்கமாக நினைத்துப் பார்த்தாள். மாவுமில் இருந்தது, ஆறு இருந்தது, ஓநாய்கூட இருந்தது. எழுதியவர் அவளுக்குக் கூடப்பிறந்தவர் ஒருவரையும் வைக்கவில்லை.

"இல்லக்கா."

"அதான்" என்றாள் கெங்கம்மாள்.

தேவநாதன் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.