ஆறு முழத்துக்கு அடித்த முளைகள்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்திலிருந்து வந்தது. அதுவும் என்னுடையதல்ல. பழவேற்காட்டில் படகுக்காக நின்றிருந்தபோது, கழிவுநீர்க் கால்வாய் தோண்டத் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், "வருசா வருசம் எங்க தெருவுலதான் கோடு போடறாங்க. இன்னாத்துக்குனு கேட்டா கால்வாய்னு சொல்றாங்க" என்றாள். படகு வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன்.

அவளை எதற்காக முந்நூற்றைம்பது வருடம் பின்னால், டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலத்துக்குக் கொண்டுபோகிறேன்? இன்றைய அதிகாரிகளைப் பற்றி எழுத எனக்குப் பயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆவணி வெயிலில் கோட்டைக் கொடிமரத்தின் நிழல் ஏரியின் மேல்...'

[விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முத்தம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறேன்; அவளுக்குக் கொடிமரத்தைப் பார்க்க நேரமில்லை.]

ஒவ்வோர் ஆவணியிலும், ஐப்பசி மழைக்கு முன்னால், எந்தத் தெருவுக்கு மண் கொட்டுவது, எந்த வாய்க்காலைத் தோண்டுவது என்று ஒல்லாந்தர் கோட்டையில் முடிவாகும். அதை ஓலையில் தமிழாக்கி ஊரில் வாசிப்பவர் துளசிங்கம். அந்த வருடம் அவர் நெசவாளர் தெருவில் நின்று வாசித்தார்: இந்தத் தெருவில் தேங்கும் தண்ணீர், ஏரிக்கரைச் சந்து வழியாக ஏரியில் விழும்படி ஆறு முழ அகலத்தில் புது வாய்க்கால். சந்துக்குப் போய் யாரும் வாசிக்கவில்லை.

சந்தில் ஒன்பது குடிசைகள். அதில் ஒன்று முத்தம்மாளுடையது. இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் நகர்ந்து, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பவள். ஒருநாள் ஏரியிலிருந்து திரும்பியபோது சந்தின் இருபக்கமும் வாய்க்காலின் அகலத்தைக் காட்டும் முளைகள் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு முளை அவளுடைய குடிசைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது.

அவள் முளைகளுக்கு நடுவே கையால் அளந்து பார்த்தாள். ஆறு முழம்.*

* அந்தக் காலத்தில் எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முத்தம்மாளின் கையையே வைத்துக்கொள்கிறேன்.

3

முந்தின வருடம் கரையைப் பலப்படுத்துவதாகச் சொல்லி மூன்று குடிசைகளைப் பிரித்திருந்தார்கள். கரை பலமானது. அதன் மேல் ஒரு வியாபாரியின் கிடங்கும் எழும்பியது. முத்தம்மாள் அதை மறக்கவில்லை. துளசிங்கத்தைத் தேடிப்போனாள்.

"தண்ணி போவ ரெண்டு முழம் போதும் சாமி. ஆறு முழம் இன்னாத்துக்கு?"

"கோட்டையில குடுத்த அளவு அது. நான் வாசிக்கிறவன்."

"ஆறு முழத்துல அந்தக் கெடங்குக்கு வண்டி போவும்."

துளசிங்கம் பதில் சொல்லவில்லை.

[முதல் பிரதியில் இந்த இடத்தில் அவரைத் தலைகுனிய வைத்திருந்தேன், குற்றவாளி மாதிரி. அது என் வேலை. பதில் தெரியாதவரும் சும்மாதான் நிற்பார். அடித்துவிட்டேன்.]

4

மறுநாள் உச்சிவெயிலில், வாய்க்கால் தோண்ட வந்த கூலியாட்கள் புன்னை மரத்தடியில் படுத்திருந்த நேரம். முத்தம்மாளும் பக்கத்துக் குடிசைக் கோவிந்தம்மாவும் முளைகளைப் பிடுங்கி இரண்டு முழத்துக்கு நட்டார்கள். கயிறு கட்டி, கோடு பிசகாமல் நட்டார்கள். கோவிந்தம்மா புன்னை மரத்தடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மாலையில் துளசிங்கம் வந்தார். பழைய குழிகள் ஈரமண்ணில் அப்படியே தெரிந்தன. பிறகு காலால் மண்ணைத் தள்ளி ஒவ்வொரு குழியாக மூடிவிட்டுப் போனார். முத்தம்மாள் படலுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கியபோது வராத பயம் அப்போது வந்தது. இந்த ஆள் எதற்காக மூடுகிறார்?

5

கூலியாட்கள் முளைகளைப் பார்த்தே தோண்டி முடித்தார்கள். ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டு முழ வாய்க்கால் முதல் நாளே நிரம்பிவிட்டது. தண்ணீர் நெசவாளர் தெருவுக்குத் திரும்பி, கால் வைத்து நெய்கிற தறிக்குழிகளில் எல்லாம் இறங்கியது. அந்தத் தெருப் பொன்னியம்மாளின் தறியில் பாதி நெய்த துணி சேற்றோடு தொங்கியது. ஏரிக்கரைச் சந்தில் ஒன்பது குடிசைகளும் நின்றன.

முத்தம்மாள் ஒரு பானையை எடுத்துக்கொண்டு பொன்னியம்மாள் வீட்டுக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. நாள் முழுக்கக் குழியில் இறங்கித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். பொன்னியம்மாள் துணியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும்போதுதான் பேசினாள்.

"ஆறு முழம்னு வாசிச்சத நான் என் காதால கேட்டேன் முத்தம்மா. துளசிங்கந்தான் யார்கிட்டயோ எதையோ வாங்கிக்கினு கொறைச்சுட்டாருனு தெருவே பேசுது. நாளைக்குக் கோட்டையில போயி சொல்லப்போறோம். நீ அந்தச் சந்துலயே கீற. நீ இன்னா சொல்ற?"

6

முத்தம்மாள் உண்மையைச் சொல்வதாக எழுதினேன். அடுத்த ஆவணியில் முளைகள் மறுபடி ஆறு முழத்துக்கு வந்தன. இந்த முறை காவலோடு. குடிசைகள் போயின. அவள் நல்லவளாக நின்றாள். எனக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே நம்பவில்லை.

'தெரியாதும்மா' என்று சொல்வதாகவும் எழுதினேன். துளசிங்கத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு... [இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.]

அந்த ஆறு முழம் தண்ணீருக்கா, வண்டிக்கா என்று கேட்பீர்கள். கோட்டையையும் ஓலையையும் கட்டியவன் நான்தான். ஆனாலும் எனக்குத் தெரியாது. இரண்டுக்குமாகக்கூட இருந்திருக்கலாம்.

முத்தம்மாள் பானையைக் கீழே வைத்தாள். குழியில் இன்னும் முழங்காலளவு தண்ணீர் இருந்தது. பொன்னியம்மாள் காத்திருக்கிறாள். இனி முத்தம்மாளின் இடத்தில் நின்று அவளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.