பேர் இல்லாத பட்டியல்

அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு, மீனம்மாவின் பெயரை வாசிக்கவில்லை. கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக நின்ற பெண்கள், பெயர் விழ விழ ஒவ்வொருவராகத் தேயிலை மலைக்கு ஏறிப் போனார்கள். விடுபட்டிருக்கும் என்று நினைத்து அவள் நின்றாள். கடைசி ஆளும் போன பிறகு கண்டாக்கு பெயர்க் கொப்பியை மூடினார்.

"ஒனக்கு வலிப்பு இருக்காமே? மலையில விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? பேர் போட வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு வலிப்பு இருப்பது தோட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மகள் தனுஜா. மற்றவள் டிலுக்ஷி, மேல் லயத்து அந்தோனிமுத்துவின் மகள். ஹட்டனில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக லயம் லயமாகப் போய்ச் சுகாதாரக் கணக்கெடுப்பு செய்பவள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து, மடியில் தொடுதிரை டெப்பை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுப் பதித்துக்கொண்டிருந்தாள். நீண்டகால நோய் ஏதும் உண்டா என்ற கேள்வி வந்தபோது மீனம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கணவன் இறந்த வருஷத்தில் தொடங்கியது. மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும். அண்ணனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாதாமாதம் தூரத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் பஸ் ஏறுவாள். பதினொரு வருஷமாக வெளியில் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"பேரு வெளிய போகாதுல்ல பாப்பா?"

"போகாதுக்கா. சத்தியமா." அப்படிச் சொன்னபோது டிலுக்ஷி அதை முழுக்க நம்பினாள்.

பெரட்டில் நடந்ததைக் கேள்விப்பட்ட அன்றே டிலுக்ஷி ஹட்டனுக்குப் போனாள். நிறுவனத்தின் இணைப்பாளர் நிரஞ்சன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். மருத்துவ முகாம் நடத்துவதற்காகத் தோட்ட நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதன்படி கணக்கெடுப்பின் ஒரு பிரதி அங்கே போயிருந்தது.

"பேரையெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுத்தோம் டிலுக்ஷி. பாருங்க, எங்கயாவது பேர் இருக்கா?"

பெயர் இருக்கவில்லை. கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், பெண், நாற்பத்திமூன்று, கணவர் இல்லை, ஒரு பிள்ளை, வலிப்பு.

"அந்த லயத்துல மொத்தமே எட்டுக் காம்பரா சேர். புருஷன் இல்லாம ஒத்தப் புள்ளயோட இருக்கறது யாருன்னு அங்க எல்லாருக்கும் தெரியும்."

நிரஞ்சன் கெட்டவர் அல்ல. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை யாரும் யோசிக்கல" என்றார் கடைசியில்.

"திருப்பி வாங்க முடியாதா?"

"அழிச்சிடுங்கன்னு கடிதம் போடலாம். படிச்சவங்க மறக்கணுமே."

வரும் வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று டிலுக்ஷி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மீனம்மா அதற்கு இடம் தரவில்லை. திட்டவுமில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கணக்கெடுத்த புள்ள டெப்புல கை மாறி அமத்திடுச்சு, எனக்கு நோய் வருத்தம் ஒண்ணும் இல்லன்னு கண்டாக்குகிட்ட சொல்லிட்டேன். ஒன்கிட்ட கேட்டா ஆமான்னு சொல்லு. அது போதும்."

மறுநாள் தோட்ட ஆபீசில், நலன்புரி அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று, பிழை தன்னுடையது என்று டிலுக்ஷி சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். "சரி, ஒரு மாசம் பாப்போம். ஒண்ணும் இல்லன்னா பேர் போடச் சொல்றேன்" என்றார்.

ஒரு மாதம் பார்ப்பார்கள் என்றால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அர்த்தம். பஸ் நிற்கும் இடம் ஆபீஸ் வாசலுக்கு நேரெதிரே. மீனம்மா கிளினிக்குக்குப் போகவில்லை. இருந்த மாத்திரைகளை முதலில் பாதி பாதியாக உடைத்துப் போட்டாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். வழியில் கண்ட டிலுக்ஷி, "மாத்திர இருக்குதாக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டபோது, "இருக்கு, இருக்கு" என்று அவசரமாகச் சொல்லி நடந்தாள். காம்பராவுக்குள் போய்ப் பார்த்திருக்கலாம் என்று டிலுக்ஷிக்குப் பிறகுதான் தோன்றியது.

இருபத்திநாலாம் நாள் மத்தியானம் மீனம்மா அடுப்படியில் விழுந்தாள். தனுஜா தலவாக்கலையில் கடை வேலையில் இருந்தாள். தீய்ந்த வாடைக்கு ஓடிவந்த பக்கத்துக் காம்பரா ராக்காயிதான் இழுத்துப் போட்டாள். அதற்குள் வலது கை முழங்கை வரை நெருப்பில் கிடந்துவிட்டது. கொழுந்து ஏற்றும் லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன் சீட்டில் நலன்புரி அதிகாரி. சிங்களம் பேசத் தெரியும் என்பதால் டிலுக்ஷியும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கட்டுப் போட்டு முடிக்கும்போது மீனம்மாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. டாக்டர் ஓர் இளம்பெண். கட்டில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு முன் இப்படி விழுந்திருக்கிறாரா, ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். அதிகாரி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவருக்கும் நல்ல சிங்களம் தெரியும்.

"சேர், கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்" என்றாள் டிலுக்ஷி.

"நான் தோட்டத் தொரைக்கு ரிப்போட் குடுக்கணும் தங்கச்சி" என்றார். ஆனாலும் டாக்டர் நிமிர்ந்து பார்த்ததால் திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

டிலுக்ஷி மீனம்மாவின் காதருகே குனிந்தாள். "அக்கா, மாத்திரயப் பத்திக் கேக்கறாங்க. சொன்னாத்தான் சரியான மருந்து குடுப்பாங்க. இல்லாட்டி திரும்ப வரும்கா."

மீனம்மாவின் உதடு வெடித்திருந்தது. "வெறகு தடுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு."

"அக்கா..."

"ஒரு தடவ ஒன்கிட்ட சொன்னேன்ல பாப்பா."

டாக்டர் மறுபடி கேட்டார், இந்த முறை இன்னும் மெதுவாக, டிலுக்ஷியின் கண்ணைப் பார்த்து. மீனம்மாவின் இடது கை டிலுக்ஷியின் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி இறுகியது. டிலுக்ஷி வாயைத் திறந்தாள். திரைச்சீலைக்குக் கீழே, ஈரமண் ஒட்டிய அதிகாரியின் இரண்டு சப்பாத்துகள் அசையாமல் இந்தப் பக்கம் பார்த்து நின்றன.