முதலாண்டைப் பற்றி ஐந்து நிமிடம்

நாமக்கல் பக்கம் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஓர் உறைவிடப் பள்ளியின் வாசலில்தான் விழவேண்டும். அப்படி ஒரு பள்ளியில் இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்து, பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் தமிழரசு. நாமகிரிப்பேட்டையில் மரவள்ளி போடும் சென்னியப்பனின் ஒரே மகன். சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்து, முதலாண்டு முடிந்து விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான்.

வந்த வாரமே பள்ளியின் தாளாளர் தீனதயாளன் போன் செய்துவிட்டார். புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர்கள் முன்னால் அவன் ஐந்து நிமிடம் பேசவேண்டுமாம். தலைப்பு, 'கல்லூரியில் எனது முதலாண்டு'. போனை எடுத்தவள் அவன் அம்மா சௌந்திரம். மகனை ஒரு வார்த்தை கேட்காமல், "அதுக்கென்னங்க, கூட்டிக்கிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த முதலாண்டின் லட்சணம் தமிழரசுவுக்கு மட்டும்தானே தெரியும்! முக்கால்வாசிப் பாடங்களில் மண்ணைக் கவ்வியிருந்தான். பள்ளியில் கணக்கைக்கூட விடையோடு சேர்த்து நெட்டுருப் போட்டவன். கல்லூரியில் எண்ணை மாற்றிக் கேட்டார்கள், அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. தெரியாத கேள்விக்கு, தெரிந்த வேறொரு கேள்வியின் பதிலை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்தான். எழுப்பிவிட ஆளில்லை, படி என்று அதட்ட ஆளில்லை. கடைசி மாதங்களில் வகுப்புக்கே போகாமல் விடுதிக் கட்டிலில் கிடந்தான். அப்பா போனில் "படிக்கிறயா சாமி?" என்பார். "படிக்கிறனுங்க" என்பான். செத்துப்போனால் தேவலை என்றுகூட இரண்டொரு நாள் தோன்றியது, அதை யாரிடம் சொல்வது?

வீட்டில் சொல்லலாம் என்று வாயெடுத்தால், "எளச்சுப்போயிட்டியே சாமி" என்று அம்மா தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைத் தள்ளுவாள். பேச்சு அதோடு சரி. அதனால் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மேடையில் மைக்கைப் பிடித்துவிட்டால் யாரும் குறுக்கே பேச முடியாது. அம்மாவும் முன்வரிசையில் இருப்பாள். சொல்லிவிட வேண்டியதுதான்.

கூட்டத்தன்று அரங்கு நிரம்பி வழிந்தது. அவன் மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

"எனக்கு ஏழு அரியருங்க" என்று ஆரம்பித்தான்.

கூட்டம் சிரித்தது. பையன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

"நெசமாத்தானுங்க. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு காலேஜ்ல சொன்னாங்க. எனக்குச் சந்தேகமே வரலைங்க. கொஞ்சமாவது புரிஞ்சாத்தானுங்க சந்தேகம் வரும்? இங்க எனக்கு ஒப்பிக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அங்க எதுவுமே பண்ணத் தெரியலைங்க. காலையில எந்திரிக்கக்கூடப் புடிக்கலைங்க." அம்மாவைப் பார்த்தான். "என்னால அங்க திரும்பிப் போக முடியாதுங்கம்மா."

தீனதயாளன் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, மெய்யான கண்ணீர். அந்த மனிதர் தன் பள்ளியை மனதார நம்பினார், கொடுமையே அதுதான்.

"பாத்தீங்களா?" என்று மைக்கை வாங்கினார். "நம்ம கையில இருந்த வரைக்கும் தங்கமா இருந்த புள்ளை. வெளிய விட்டோம், என்ன கதிக்கு ஆளாக்கிட்டாங்க பாருங்க! அதுக்காகத்தான் வர்ற வருசமே நம்ம காம்பவுண்டுக்குள்ள இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பிக்கிறோம். இதே மாதிரி எழுப்பி விட்டு, உக்கார வெச்சு, நாங்களே படிக்க வெப்போம்."

கைதட்டல் காதைப் பிளந்தது. அதுவரை யோசனையாக இருந்த பெற்றோர்கள்கூடச் சேர்க்கை மேசைக்கு நடையைக் கட்டினார்கள். ஒரு வருடத்து வேதனையை அப்படியே விளம்பரமாக்கிக் கொடுத்துவிட்டு, தமிழரசு யார் கண்ணிலும் படாமல் படியிறங்கினான்.

வெளியே வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றான். ஊர் கேட்காவிட்டால் போகட்டும், அம்மா கேட்டாளே என்று ஒரு நப்பாசை.

சௌந்திரம் முகமெல்லாம் ஈரமாக வந்தாள். வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, இத்தனையும் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தியா? என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவன் உடைந்துபோனான். ஒரு வருடத்தில் அவனை இப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். போகிறவர் வருகிறவரைப் பற்றிக் கவலைப்படாமல், சின்னப் பையனாட்டம் அவள் தோளில் சாய்ந்து அழுதான்.

"அங்க போவலைம்மா."

"போவ வேண்டாஞ்சாமி. நீ போவவே வேண்டாம்." முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் குரலில் திடீரென்று ஒரு தெம்பு. "அதுக்குத்தான் அந்தத் தாளாளர்கிட்டக் கால்ல உழுகாத கொறையாக் கேட்டுப்போட்டு வாரேன். புதுக் காலேசுல மொதச் சீட்டு உனக்குத்தானுன்னு சொல்லிப்போட்டாரு. மறுக்கா மொத வருசத்துல இருந்தே படிச்சுக்கலாமாம். அவங்க பாத்துக்குவாங்க சாமி."

தமிழரசு அவள் முகத்தைப் பார்த்தான். எவ்வளவோ சொல்ல வாய் திறந்தான்.

"சரிங்கம்மா" என்றுதான் வந்தது.