பறவைகளுக்கு வைத்த வரிசை

அன்று ஆஸ்திரேலியாவின் கிங் பள்ளத்தாக்கில், கிராவெரோ வீட்டுப் பீப்பாய்க் கொட்டகையில் இருந்தவர்கள்: குடும்பத்துக்கு மூத்தவர் ஜியாச்சிந்தோ, அவர் மனைவி தெக்லா, மகன் ஆல்டோ, மருமகள் லொரெதானா, பக்கத்துத் தோட்டத்துத் துல்லியோ. இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டவர்கள்.

மறுநாள் வசந்த விருந்து. பள்ளத்தாக்கின் இத்தாலியக் குடும்பம் ஒவ்வொன்றும் அந்த ஆண்டு தன் தோட்டத்தில் விளைந்த ஒயினை மேசையில் வைத்தாக வேண்டும். வெறுங்கையோடு வந்த வீடு என்ற பெயரைக் கிராவெரோக்கள் இதுவரை வாங்கியதில்லை. தான் இருக்கும்வரை வாங்கப்போவதுமில்லை என்றுதான் ஜியாச்சிந்தோ நினைத்திருந்தார். ஆனால் சிவப்பு ஒயின் பீப்பாய் காலி.

காரணம் பறவைகள். மற்றவர்கள் கொடிக்கு வலை போர்த்துவார்கள். ஜியாச்சிந்தோ போர்த்தமாட்டார். இத்தாலியின் பியமோந்தேயில் அவருடைய அப்பா, நெபியோலோ என்ற சிவப்புத் திராட்சைக்குப் பக்கத்தில் அர்னெய்ஸ் என்ற வெள்ளைத் திராட்சையை ஒரு வரிசை நட்டிருந்தார். வெள்ளை முன்னதாகப் பழுக்கும். பறவைகள் அதைத் தின்று வயிறு நிரம்பிப் போய்விடும், சிவப்பு தப்பும். ஆஸ்திரேலியாவிலும் அவர் அதையே செய்தார். இந்த ஊர்ப் பறவைகளுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லவில்லை. வழக்கமாகக் கொஞ்சம் சிவப்பு போகும். பறவைகளுக்குத் தேன் தரும் யூகலிப்டஸ் மரங்கள் பூக்காத இந்த ஆண்டு, அவை வெள்ளையைத் தொடாமல் காத்திருந்து, நெபியோலோவைக் காம்புவரை தின்றுவிட்டுப் போயின.

"வலை போடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, அண்ணே," என்றார் இத்தாலியின் வெனெட்டோ பக்கத்திலிருந்து வந்த துல்லியோ. "எங்க வெனெட்டோக்காரனுக்கு மூளை கம்மிதான். ஆனா பீப்பா நெறஞ்சு கெடக்கு. ரெண்டு ஜாடி தரட்டா? ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"மூச்சு விடலன்னா நீ செத்துல்ல போயிடுவ," என்றாள் தெக்லா.

அடுத்தவர் ஒயினைத் தன் பெயரில் ஊற்றுவதைவிட வெறுங்கையோடு போவது மேல் என்று ஜியாச்சிந்தோ முடிவு செய்தார். அதைச் சொல்ல வாயைத் திறக்கும்போது லொரெதானா ஒரு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆல்டோ திடீரென்று ஒரு பீப்பாயின் வளையத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

"என்ன இது?"

"அர்னெய்ஸ், மாமா. பழுத்து வீணாப் போகுதேன்னு நானே பறிச்சு ஒயின் போட்டேன்."

"பறவைக்கு வெச்சத மனுஷனுக்கு ஊத்துறதா? இந்த வீட்லயா?"

"பறவைதான் வேணாம்னுடுச்சே. இப்ப அது யாரோடது?"

துல்லியோ யாரையும் கேட்காமல் ஊற்றிக் குடித்தார். இன்னொரு முறையும் ஊற்றிக்கொண்டார். பேசவில்லை. அவர் பேசாமலிருந்து அந்தக் கொட்டகையில் யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா," என்றார் கடைசியில், "இதுல என்ன போட்ட?"

"திராட்ச."

ஜியாச்சிந்தோ எழுந்து நின்று ஒரு வாய் குடித்தார். பேரிக்காய் மணம். முடிவில் லேசான கசப்பு. தொண்டையைச் செருமினார்.

"சூடா இருக்கு," என்றார். "நாளைக்குக் குளிர வெச்சு எடுத்துட்டு வா. நாந்தான் ஊத்துவேன்."

மறுநாள் அவரே ஊற்றினார். கிராவெரோ வீட்டு ஒயின் என்றுதான் சொன்னார்.

கிழவர் கடைசியில் பணிந்துபோய் நெபியோலோவுக்கு வலை போட்டுவிட்டார் என்று இப்போது பள்ளத்தாக்கில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அப்பா செய்த முறைப்படி நெபியோலோ இன்றும் திறந்துதான் கிடக்கிறது. வலை அர்னெய்ஸ் வரிசைக்கு மட்டும்.