வெயிலில் பிடித்த இலை

உரம் போடுகிற நாளில்தான் அவள் கணவன் வீட்டுக்கு வருவான். நகரத்துக் கிடங்கில் அவனுக்கு வேலை. மூட்டையைத் தூக்கவும் யூரியாவைச் சீராக வீசவும் அவன் கைதான் வேண்டும் என்று கல்யாணமான புதிதில் யாரோ சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. மழைக்கு முன்னால் மனசு கேட்காமல் கூடுதலாக ஒரு தடவை போட்டால், கூடுதலாக ஒரு தடவை வருவான்.

இந்த ஆண்டு அவர்களுடைய மக்காச்சோள வயல் ஒரு ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. பயிர் எடுத்தது போக மிஞ்சுகிற யூரியா மண்ணுக்குள் வாயுவாக மாறி மேலே போய்ப் பூமியைச் சூடாக்குகிறதாம். அதனால் இனி நாள் பார்த்து உரமில்லை, இலை பார்த்துத்தான். பச்சை நிறங்கள் வரிசையாக உள்ள பிளாஸ்டிக் அட்டையோடு இலையை ஒட்டிப் பார்க்க வேண்டும். வெளிறியிருந்தால் மட்டும் யூரியா.

அவள் தினமும் போய், வெளிறாதா என்று பார்த்தாள். தன் பயிர் பட்டினி கிடக்க ஆசைப்படுகிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அன்று இலை வெளிறித் தெரிந்தது. அட்டையை இன்னொரு தடவை ஒட்டிப் பார்த்தாள். அந்த வாயுவை அளக்கப் பயிருக்கு நடுவே கவிழ்த்திருந்த பெட்டியிலிருந்து ஊசியால் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆய்வுக்கூடப் பெண் நிமிர்ந்தாள்.

“அக்கா, வெயில்ல புடிச்சா எந்த இலையும் சோகை புடிச்ச மாதிரிதான் தெரியும். சூரியனுக்கு முதுகக் காட்டி, உங்க நிழல்ல வச்சுப் பாருங்க.”

“மறந்துபோச்சு.”

“உங்களுக்கா? பக்கத்து வயக்காரருக்கே நீங்கதானே பாடம் எடுத்தீங்க!”

மறக்கவில்லை. திரும்பி நின்று பார்த்தாள். நல்ல கரும்பச்சை. அதன்மேல் கோபம் வந்தது.

அவன் வந்தால்தான் என்ன? சாயங்காலம் முதுகு வலிக்கிறது என்பான். அவள் தைலம் தேய்ப்பாள். காலையில் பஸ் ஏறிவிடுவான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஒரு மூட்டை யூரியாவை வீணாக மண்ணில் கொட்டவும் அவள் துணிந்திருந்தாள். அது அவளுக்கே பயமாக இருந்தது.

வரப்பில் உட்கார்ந்து போன் செய்தாள்.

“என்ன, உரம் போடணுமா? சூப்பர்வைசர்கிட்ட லீவு சொல்லிடவா?”

“வேண்டாம். இலை பச்சையாத்தான் இருக்கு.”

“அப்ப நான் வர வேண்டாங்கற.”

அவன் குரலில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

“உரந்தான் வேண்டாம்னேன். நீங்க வாங்க.”

“எதுக்கு?”

“சும்மா.”

“சும்மாவா? சும்மாவுக்கெல்லாம் யாரு லீவு குடுப்பா? என்னன்னு சொல்றது?”

“பொண்டாட்டி கூப்புடுறான்னு சொல்லுங்க.”

“கிடங்கே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும்.”

லாரிச் சத்தத்துக்கு நடுவே அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்பது மங்கலாகக் காதில் விழுந்தது. அவள் போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.