அரம் போட்ட ரேம்

என் வீட்டுக்காரர் நாகரத்தினத்துக்கு இந்த உலகத்தில் பொருந்தாத பொருள் என்று ஒன்றும் கிடையாது. பொருந்தவில்லையென்றால் அரத்தை எடுத்து அராவிப் பொருத்திவிடுவார். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அங்கே கொழுந்து உருட்டுகிற இயந்திரங்கள் வெள்ளைக்காரத் துரை காலத்தவை. அவற்றுக்கு ஸ்பேர் பார்ட் கேட்டுப் போனால் கடைக்காரன் சிரிப்பான். அதனால் நாகரத்தினமும் அவருடைய கூட்டாளிகளும் கிடைத்த இரும்பைக் கடைந்து, அராவி, தட்டி உட்காரவைத்து ஓட்டிவிடுவார்கள். அந்தக் கைப்பழக்கம் தொழிற்சாலை கேட்டோடு நின்றுவிட்டால் நான் ஏன் பேசப்போகிறேன்? மிக்சி மூடி, அலமாரிச் சாவி, குழாய்த் திருகு என்று எங்கள் வீட்டில் அவர் அரம் படாத சாமான் இல்லை.

போன மாதம் என் கணினி மேலும் அவர் கண் விழுந்தது.

நான் வீடியோ எடிட் செய்கிறவள். அதற்கு முன்னால் கியா பார்மில் காய்கறி கழுவுகிற கொட்டகையில் இருந்தேன். மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர். காலையில் கையை வைத்தால் எலும்புவரை குத்தும். விரலெல்லாம் வீங்கி, மடக்க முடியாமல் போனதும் வேலையை விட்டேன். பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டல் தன் பழைய கணினிகளை வரிசையாகக் கழித்துப் போட்டபோது ஒன்றை வாங்கி வந்து, காதுகுத்து, சடங்கு, பிறந்தநாள் என்று வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். ஆனால் வேலை வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. கொட்டகை மேற்பார்வையாளர் ரெங்கசாமி அண்ணன் நல்ல மனிதர். "ஒன் எடத்த வெச்சிருக்கேன் உமா. திங்கக்கெழம வரியா இல்லையான்னு சொல்லிடு. அப்பறம் வேற ஆளப் போட்டுருவேன்" என்றார். வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்த நேரத்தில்தான் சாலிஹா அக்காவின் வேலை வந்தது.

சாலிஹா அக்காவும் அவர் கணவர் சேக் தாவூத்தும் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். மகள் ஃபாராவுக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்தில் நிக்காஹ் வீடியோவைப் பெரிய திரையில் காட்ட வேண்டும்.

"ஈப்போக்காரங்க முன்னாடி எம் மானத்தக் காப்பாத்தும்மா. நல்லா வந்திச்சின்னா எங்க சொந்தத்துல வரிசையா நிக்கிற கல்யாணத்துக்கெல்லாம் ஒன்னத்தான் கைகாட்டுவேன்" என்றார்.

இது நன்றாக வந்தால் நான் வீட்டிலேயே இருப்பேன். சொதப்பினால் திங்கட்கிழமை அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் போவேன். என் கதை அவ்வளவுதான்.

கணினி என்னடாவென்றால் மல்லுக்கு நின்றது. ஃபாரா காரிலிருந்து இறங்குகிற இடம் வந்தால் உறைந்துவிடும். மணப்பெண் ஒரு காலை வெளியே வைத்தபடி, சிரித்தபடி, அப்படியே நிற்பாள். பார்த்தால் ரேம் போதவில்லை. ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேசை. என் கணினிக்கு இருந்தது முக்காலி. பாவம், மூன்று கேமராவில் எடுத்த கல்யாணத்தை அது எங்கே பரப்பும்?

"ரேம் கூடப் போடணுங்க. எந்த வகைன்னு பாக்கணும். நானே பாத்துச் சொல்றேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடைசி வாக்கியம் அவர் காதில் விழவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எது வாங்குவதானாலும் ஒரே வழிதான். கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்குகிற லோரிக்காரர்களில் ஒருவரிடம் பழைய சாமானைக் கொடுத்து, இதேபோல் ஒன்று என்று சொல்லிவிடுவது. மோட்டார் சங்கிலியானாலும் அடுப்பு ரப்பரானாலும் அதே முறை. ரேமைக் கழற்றிக் கொடுத்தால் என் வேலை நின்றுவிடுமே என்று என் மேல் இரக்கப்பட்டு, இவர் நான் இல்லாத நேரத்தில் அதைக் கழற்றி, காலிப்பர் வைத்து நீளம் அகலம் அளந்து, திரும்ப மாட்டிவிட்டு, அந்த அளவை லோரி தர்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ரேமை அளவு சொல்லி வாங்க ஆளனுப்பிய ஒரே மனிதர் இந்தப் பகாங் மாநிலத்தில் என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது வியாழக்கிழமை சாயங்காலம், சந்தையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது. சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரித்திருந்தது. அதன்மேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் மெல்லிய அரம். நாளிதழில் தங்க நிறப் பொடி.

"என்னாங்க பண்றீங்க?"

"புது ரேம் வந்துருச்சி உமா. நீளம் கரெட்டா இருக்கு. அடியில இருக்கற இந்தப் பள்ளத்த மட்டும் கொஞ்சம் தள்ளி வெட்டிட்டானுங்க. ரெண்டு இழு இழுத்தா உக்காந்துரும்-லா."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு இராசம்மா அக்கா ஜன்னலைத் திறந்தார்.

"பள்ளத்த அங்க வெச்சிருக்கறதே நொழையக்கூடாதுன்னுதாங்க! நம்ம மெசினுக்கு டிடிஆர் மூணு. இது நாலு. கரண்டு வேற, தலைமொற வேற. தெரியாம யாரும் மாட்டிடக்கூடாதுன்னு பள்ளத்த எடம் மாத்தி வெட்டியிருக்கான். அதப் போயி அராவி வெச்சிருக்கீங்களே!"

அவர் ரேமை ஒரு பார்வை, கணினியை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப சேராதா?"

"ஒங்க ஃபெக்டரியவே கொண்டாந்து வெச்சாலும் சேராது!"

தர்மாவுக்கு போன் போட்டேன். "கடையில எந்த வகைன்னு கேக்கலையா தர்மா?"

"கேட்டாங்க அண்ணி. இருக்கறதுலயே புதுசாக் குடுன்னுட்டேன். பழசக் கொண்டாந்தா அண்ணன் ஏசுவாருல்ல?"

அவனைச் சொல்லி என்ன பயன்? அராவிய ரேமை எந்தக் கடைக்காரனும் திரும்ப வாங்க மாட்டான். பிரிஞ்சாங் கைப்பேசிக் கடையில் அந்தப் பழைய வகை இல்லை. ஆன்லைனில் போட்டால் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் ஞாயிறு போய்விடும். இவர் நாளிதழைப் பொடியோடு சுருட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை, சீக்கிரம் நின்றுவிட்டது.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, என் பழைய ரேமை எடுத்து அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். தலைமுறை முன்பே தெரியும். என்ன வேகம், எத்தனை வோல்ட் என்று மற்றதெல்லாம் அதிலேயே இருந்தது. கைப்பேசியில் கணினியின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் ரேம் போட எத்தனை இடம், அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதும் வந்துவிட்டது. இந்த மாடலுக்கு இந்த ரேம் என்று தெரிந்தபோது, இதே மாடலை வேறெங்கே பார்த்தோம் என்று யோசனை ஓடியது. அந்த ஹோட்டல் கழித்த வரிசையில் இன்னொன்று சாலிஹா அக்கா கடைக்குப் போனது. கல்லாவில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அங்கே தொடுதிரை வந்துவிட்டது.

ஆனால் போய்க் கேட்பதென்றால், உங்கள் வீட்டுக் கல்யாணத்தைச் செய்கிற வசதி என் கணினிக்கு இல்லை என்று வேலை கொடுத்தவரிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டு அவர் வீடியோவைத் தூக்கி ஈப்போ ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டால்? கேட்காவிட்டாலும் ஞாயிறன்று அதே மானக்கேடுதான் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, போவதென்று முடிவு செய்தேன். மறுநாள் காலை இவர் அரைநாள் விடுப்புப் போட்டு மோட்டாரில் கூட்டிப் போனார். பனி முகத்தில் அடித்தது, காய்கறி லோரிகள் வழியை மறித்தன, நான் முதுகுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டே போனேன்.

சாலிஹா அக்காவிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அரம் போட்ட கதையையும் சேர்த்துத்தான். இவர் தலையைக் குனிந்துகொண்டு மேசை விரிப்பின் பூவைப் பார்த்தார்.

அக்கா முகம் மாறியது. "அப்ப எம் மவ கல்யாணம் பாதியில நிக்கிதா?"

"ஒரு காலக் காருக்கு வெளிய வெச்சிக்கிட்டு நிக்கிது அக்கா. எறங்க மாட்டேங்குது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சமையலறையிலிருந்து சேக் தாவூத் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"நாளைக்கி மறுநா வலிமா, இன்னும் எறங்கலன்னா எப்படி? எறக்கி விடு தாயே! அந்தப் பொட்டி மேல ஸ்டோர்ல வெங்காய மூட்டைக்குப் பின்னால கெடக்கு. எது வேணுமோ கழட்டிக்க."

இவர் தூக்கி வந்து இறக்கினார். திருகுகளை அவர் கழற்றினால் ஒரு கீறல் விழாது. அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. உள்ளே இரண்டு ரேம் இருந்தன. சீட்டைப் படித்தேன். மூன்றாம் தலைமுறை. வேகமும் வோல்ட்டும் என்னுடையதற்குச் சமம், கொள்ளளவு மட்டும் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு. என் கணினி தாங்குகிற அளவும் அதுதான். பைக்குள் அரம் கிரம் வைத்திருக்கிறாரா என்று இவர் சட்டையை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் நானே மாட்டினேன். பள்ளத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால், பக்கத்துக் கொக்கிகள் தாமாகவே வந்து கவ்விக்கொண்டன. பலத்துக்கு அங்கே வேலையே இல்லை. இவர் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து பார்த்தார்.

ஃபாரா காரிலிருந்து இறங்கினாள். நடந்தாள், வெட்கப்பட்டாள், மாப்பிள்ளை ஷாஹ்ரில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் தனியாகக் கை தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈப்போவிலிருந்து சாலிஹா அக்காவின் குரல்பதிவு வந்தது. பின்னால் ஒரே சிரிப்பும் தட்டுச் சத்தமும். "எல்லாரும் அழுவுறாங்க உமா! ஷாஹ்ரிலோட பெரியம்மா யாரு செஞ்சதுன்னு கேட்டு ஒன் நம்பர வாங்கிட்டாங்க. அவங்க வூட்டுல அடுத்தடுத்து ரெண்டு கல்யாணம்!"

அதை நாலைந்து தரம் போட்டுக் கேட்டேன். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம் மிஞ்சியதால், வாசலில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த இவரிடம் சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்று போனேன்.

"நான் வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா என்னாங்க? அப்படி என்னா அவசரம் ஒங்களுக்கு?"

துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "திங்கக்கெழம வந்துருமே."

"வந்தா?"

"கொட்டாயில வேல செஞ்சப்போ, நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு சுடுதண்ணியில கைய வெச்சி அழுவ. சத்தம் வராம அழுவ. நான் என்னா பண்றதுன்னு தெரியாம, கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். அத மறுபடி பாக்க என்னால முடியாது உமா. அந்த ரேம் உள்ள போயி உக்காந்துட்டா நீ போவ வேணாமேன்னுதான் அராவுனேன்."

எனக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த போன் அடித்தது. ரெங்கசாமி அண்ணன். நான் கண்ணைத் துடைப்பதற்குள் இவர் ஈரக்கையோடு வாங்கிக் காதில் வைத்தார்.

"அண்ணே, நாகரத்தினம் பேசுறேன். அவ வர மாட்டாண்ணே. வேற ஆளப் பாத்துக்குங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைக் கேட்காமல் இதையும் செய்துவிட்டோமே என்று பயந்து என் முகத்தைப் பார்த்தார். நான் திட்டவில்லை. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு மோட்டாரைத் துடைத்தேன்.