சிவப்பில்லாத கிண்ணம்

1.
இந்தக் கதை என் குசினியில் பிறந்தது. ஒரு மாத லீவில் திருகோணமலைக்கு வந்திருந்த என் மனைவி கீர்த்தனி, தேங்காய்ப்பூக் கோப்பையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, தன் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக் காணொளி ஒன்றைக் காட்டினாள். கிண்ணத்தில் சிவப்புத் திரவம். அடியில் ஏதோ துடித்தது. யாரோ ஒரு பெண்ணின் இரத்தத்திலிருந்து எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய குருத்துக் கலங்களை (ஸ்டெம் செல்) உண்டாக்கி, அவற்றை இதயக் கலங்களாக வளர்த்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கியது. (வெங்காயமும் உரித்துக்கொண்டிருந்தேன்.)

2.
முதல் தொடக்கம்: "செங்கடலின் நடுவே ஒரு பெண்ணின் இதயம்..." [துறைமுகத்தில் இருந்துகொண்டு செங்கடலுக்கு ஏன் போவான்?]

இரண்டாம் தொடக்கத்தை எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் திரியும் மான்களில் ஒன்று தாளோடு தின்றுவிட்டது. விமர்சனமாக ஏற்றுக்கொண்டேன்.

3.
சிக்கல் இல்லாமல் கதை ஏது? சில மருந்துகள் பெண்களின் இதயத் துடிப்பைத்தான் கூடுதலாகக் குழப்புகின்றன. காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோனா? அது சேர்ந்தால், ஒரு துடிப்பின் மின்சாரம் அடங்கக் கூடுதல் நேரம் எடுக்க வேண்டும். கீர்த்தனி ஒரு கிண்ணத்தில் அதைச் சேர்த்தாள், மற்றதில் சேர்க்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரித் துடித்தன. திரும்பவும் செய்தாள், அதே கதை. இன்னொருமுறை இப்படி வந்தால் பேராசிரியர் ஆய்வையே மூடிவிடுவார். லீவு என்று பெயர், ஆள் சிரிக்கவில்லை.

4.
சிரிக்க வைக்கலாம் என்று என் பிரதியை வாசித்துக் காட்டினேன்: "ஒன்றுமே சேர்க்காத அந்தச் சிவந்த திரவத்தில்..."

"நில்லுங்கோப்பா. ஒண்டுமே சேர்க்கேல்ல எண்டால் சிவப்பு எங்கால வந்தது?"

"இதயமெல்லே. ஒரு வடிவுக்கு..."

அவள் கேட்கவில்லை. பக்கத்து ஊரான மூதூரைச் சேர்ந்த அஸீமைத் தொலைபேசியில் அழைத்தாள். அதே வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் இப்போது அவள் கிண்ணங்களைப் பார்த்துக்கொள்பவன்.

"அஸீம், சாயம் போடாத திரவம் கிடக்கோ?"

"ஓம் அக்கா, பிரிட்ஜில கிடக்கு. பார்க்க வடிவில்லையெண்டு ஒருத்தரும் தொடுறதில்ல."

"என்ர மனுசன்ர சொந்தக்காரர் போல. அதில வைச்சு ரெண்டு கிண்ணத்தையும் இன்னொருக்காச் செய்து பாரும்."

(திரவம் கெட்டதா என்று நிறத்தைப் பார்த்து அறியக் கலக்கும் சாயம்தான் அந்தச் சிவப்பு. தானும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் வேலை பார்க்குமாம். படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். தினமும் பார்த்துப் பார்த்து மறந்துவிட்டார்கள். ஆகவே ஒன்றும் சேர்க்காத கிண்ணத்திலும் ஏதோ சேர்ந்தே இருந்திருக்கிறது.)

என்னை விஞ்ஞானி என்று எண்ணிவிடாதீர்கள். என் உரிச்சொல் ஒன்று முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்டது, அவ்வளவுதான்.

5.
நானும் கதையில் சிவப்பையெல்லாம் வெட்டினேன். பாதிக் கதை போய்விட்டது. மிஞ்சியது அவள் முகம்.

6.
இன்று அஸீம் முடிவை அனுப்பினான். கீர்த்தனி பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கை முழுக்கச் செதில். நீங்களே திறவுங்கோ."

"எனக்கு விளங்குமே?"

"ரெண்டு கோடு இருக்கும். ஒரே மாதிரிக் கிடக்கோ, இல்லையோ? அதுக்கு உவமை ஒண்டும் வேண்டாம்."

திறந்தேன். பார்த்தேன். காட்டினேன். குசினியில் சட்டி விழுந்தது. சட்டி சந்தோசத்திலும் விழும், கவலையிலும் விழும். இனி நிறம் சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்திருப்பதால் அவள் முகத்தை வர்ணிக்க எனக்கு ஏலாது.

ஆனால் இப்போது அவள், செதில் கையோடு, மூதூரில் இருக்கும் அஸீமின் உம்மாவை அழைத்து, "பெருநாளுக்குப் போல பெரிய சட்டியில வட்டிலப்பம் செய்யுங்கோ, இனிப்புச் சாப்பிட நாங்கள் வாறம்" என்கிறாள்.

இந்த வரியை வெட்டவா, விடவா? நீங்களே சொல்லுங்கள். மூதூர் போக நான் சேட்டு மாற்றிப் போட வேண்டும்.